மலைப்பாதையும் கியர் எண்ணெயும்

நீலகிரியில் விளையும் கேரட்டும் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் மேட்டுப்பாளையத்துச் சந்தைக்கு எவ்வாறு வந்து சேர்கின்றன என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? பெரிய லாரிகள் புக இயலாத தோட்டத்து வழிகளில் நுழைந்து, மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, இரவிலும் விடியற்காலையிலும் மலையிறங்கி வருபவை பிக்கப் என்று நாம் வழங்கும் சிறு சுமை வண்டிகளே. முன்னே இருவரோ மூவரோ அமரும் அறை. பின்னே திறந்த தட்டு. அடியில் வலிய இரும்புச் சட்டம். இவ்வளவே அதன் வடிவம். அத்தகைய வண்டி ஒன்றை என் தமையனார் ஓட்டி வருகிறார். கேத்திப் பள்ளத்தாக்கில் சுமை ஏற்றிக்கொண்டு, குன்னூர் வழியாகச் சமவெளிக்கு இறங்கும் அவருடன் பலமுறை நானும் சென்றிருக்கிறேன். சாலையின் அழகைக் கண்டு மகிழ்வதற்காகவே முதலில் சென்றேன். நாளடைவில், வண்டியின் அடியில் மறைந்து கிடக்கும் உறுப்புகள்மீது என் கருத்துச் சென்றது.

எஞ்சினில் பிறக்கும் ஆற்றல் நேரே சக்கரத்தைச் சென்றடைவதில்லை. முதலில் அது கிளட்சைக் கடக்கிறது. பின்பு கியர் பெட்டிக்குள் புகுகிறது. அங்கிருந்து, வண்டியின் நடுவே நீண்டிருக்கும் சுழல்தண்டின் வழியாகப் பின்னச்சை அடைகிறது. சாலையில் முன்னே செல்லும் லாரியின் பின்னச்சு நடுவில் பானைபோலப் புடைத்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்குள்ளே டிஃபரன்ஷியல் என்னும் அமைப்பு உள்ளது. அதிலுள்ள பெரிய பற்சக்கரத்தைக் கிரவுன் என்றும், அதனைச் சுழற்றும் சிறிய பற்சக்கரத்தைப் பினியன் என்றும் ஓட்டுநர்கள் கூறுவர். வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட மிகுதியான தொலைவு ஓட வேண்டும் அல்லவா? அதற்கு இடம் கொடுப்பது டிஃபரன்ஷியலின் வேலை.

இவ்வழி நெடுகிலும் இரும்பின்மீது இரும்பு அழுந்துகிறது. முதல் கியரில் எஞ்சின் ஏறத்தாழ 15 முதல் 20 முறை சுழன்றால்தான் பின்சக்கரம் ஒருமுறை சுழலும். சுழற்சியின் வேகம் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்குத் திருகுவிசை பெருகுகிறது. அவ்விசை முழுவதையும் தாங்குபவை, நம் விரல் நுனியளவே ஒன்றையொன்று தொடும் பற்கள். அவற்றுக்கிடையே எண்ணெய்ப் படலம் ஒன்று இராவிடின், சில கிலோமீட்டர் தொலைவிலேயே பற்கள் சூடேறி, உராய்ந்து, அழிந்துவிடும். பல வண்டிகளின் கியர் பெட்டியில் எண்ணெயை மேலேற்றும் பம்பு கிடையாது. கீழேயுள்ள பற்சக்கரம் எண்ணெயில் பாதி மூழ்கியவாறு சுழன்று, அதனை வாரி மற்றவற்றின்மீது இறைக்கிறது. நம் ஊர்க் கிணற்றடியில் ஏற்றத்தின் சால் செய்த வேலையைத்தான் அது செய்கிறது.

பின்னச்சின் பற்சக்கரங்களுக்கு மற்றுமொரு தொல்லை உண்டு. பினியனின் அச்சு கிரவுனின் நடுவை நோக்கி நேராகச் செல்லாமல் சற்றுத் தாழ்வாகச் செல்லும்படி 1920களின் பிற்பகுதியிலிருந்து கார்களில் அமைக்கத் தொடங்கினர். சுழல்தண்டைத் தாழ்த்தி, வண்டியின் தளத்தையும் தாழ்த்த அது உதவியது. பற்களும் ஓசையின்றி ஓடின. ஆனால், பற்கள் ஒன்றன்மீது ஒன்று உருள்வதோடு நில்லாமல் வழுக்கவும் தொடங்கின. வழுக்கும் பற்கள் தமக்கிடையே உள்ள எண்ணெயைத் துடைத்துத் தள்ளிவிடும். ஆகவே கந்தகமும் பாஸ்பரசும் அடங்கிய சேர்மங்களை எண்ணெயில் கலந்தனர். பற்கள் நெருக்குண்டு சூடேறும் இடத்தில் அவை இரும்போடு வினைபுரிந்து மெல்லிய காப்புப் பூச்சாகப் படிகின்றன. பின்னச்சு எண்ணெய்க் கலத்தைத் திறந்தவுடன் மூக்கைத் துளைக்கும் நாற்றம் இக்கந்தகத்தினுடையது. ஒருமுறை முகர்ந்தவர் பின்பு அதனை மறப்பதில்லை.

இனி, மலையிறக்கத்தைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். மலை ஏறுவதே வண்டிக்குக் கடினம் என்று பலர் நினைக்கின்றனர். ஓட்டுநரைக் கேட்டால் இறக்கத்தையே கூறுவார். குன்னூர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேட்டுப்பாளையமோ 300 மீட்டருக்குச் சற்று மேல். இடையே 14 கொண்டையூசி வளைவுகள். சுமையோடு 3,000 கிலோகிராம் எடையுள்ள வண்டி 1,500 மீட்டர் இறங்கும்போது விடுபடும் ஆற்றல் ஏறத்தாழ 4.4 கோடி ஜூல். 150 லிட்டர் தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும்! காற்றும் சாலையும் அதில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். எஞ்சியதைப் பிரேக்குகள் மட்டுமே ஏற்க நேர்ந்தால் அவை சூடேறிப் பிடிப்பை இழக்கும். அதனால்தான் ஓட்டுநர் தாழ்ந்த கியரில் இறங்குகிறார். அப்போது சக்கரம் எஞ்சினைச் சுழற்ற முயல்கிறது. எஞ்சின் அதற்கு இணங்காமல் வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. இந்தப் பிடி முழுவதும் கியர் பெட்டியின் வழியாகவே செல்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஒரு சனவரி மாத விடியற்காலை. குன்னூரைக் கடந்து பர்லியாறை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம். தட்டில் நிறையக் கேரட் மூட்டைகள். வளைவு ஒன்று நெருங்கியது. தமையனார் கிளட்சை மிதித்து, மூன்றாம் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு மாற்ற முயன்றார். கரகரவென்று ஓசை எழுந்ததேயன்றிக் கியர் விழவில்லை. மூன்றாம் கியரும் விட்டுப்போயிற்று. எந்தக் கியரிலும் இல்லாத வண்டி தன் எடையாலேயே வேகம் கொண்டது. அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. பிரேக்கை அழுத்தமாக மிதித்து, கைப்பிரேக்கையும் இழுத்து, மலைச்சுவரை ஒட்டிய பக்கத்தில் வண்டியை நிறுத்தினார். பிரேக்கு தீய்ந்த வாடை எங்கும் பரவியது. வளைவுக்கு அப்பால் மூடுபனிக்குக் கீழே பள்ளம் இருந்தது. பிரேக்குகள் ஆறும்வரை காத்திருந்து, முதல் கியரிலேயே ஊர்ந்து மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்தோம்.

சந்தையில் சுமையை இறக்கியவுடன், பெரியவர் ஒருவரின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டு சென்றோம். அனைவரும் அவரை மேஸ்திரி என்றே அழைப்பர். அவர் உடனே திருப்புளியை எடுக்கவில்லை. முதலில் எஞ்சினை நிறுத்தியபடி எல்லாக் கியர்களையும் போட்டுப் பார்த்தார்; எளிதில் விழுந்தன. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கிளட்சை மிதித்துச் சில நொடிகள் பொறுத்து, பின்னோக்கிச் செலுத்தும் கியரைப் போட்டார். ஓசையின்றி விழுந்தது. “கிளட்சு நன்றாகப் பிரிகிறது. குற்றம் அங்கே இல்லை” என்றார். கிளட்சு சரியாகப் பிரியாவிடின் அந்தக் கியர் கத்தும் என்பது அவர் விளக்கம்.

அடுத்து, தமையனாரிடம், “அண்மையில் எண்ணெய் மாற்றினீர்களா, தம்பி?” என்று கேட்டார்.

“ஆம், மேஸ்திரி. சென்ற மாதம் ஒரு பணிமனையில் மாற்றினார்கள். அதற்குப் பிறகுதான் கியர் இறுக்கமாக இருக்கிறது. புது எண்ணெய் பழக வேண்டும் என்று கூறினார்கள்.”

“கியர் பெட்டிக்கும் பின்னச்சுக்கும் ஒரே டின்னிலிருந்து ஊற்றினார்களா?”

“அப்படித்தான் ஊற்றினார்கள்.”

மேஸ்திரி கியர் பெட்டியின் பக்கவாட்டுத் திருகைக் கழற்றி, சுட்டுவிரலை உள்ளே விட்டு எடுத்தார். விரல்களுக்கிடையே தேய்த்தார்; முகர்ந்தார். “இது பின்னச்சுக்குரிய எண்ணெய்” என்றார்.

எண்ணெய் எண்ணெய்தானே, இதில் என்ன வேறுபாடு என்று நீங்கள் கேட்கலாம். நானும் அவரிடம் அதையே கேட்டேன். அவர் கூறிய விடை வியப்பாக இருந்தது. கியர் மாற்றும்போது, வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரு உறுப்புகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வேண்டும். முற்காலத்தில் ஓட்டுநரே எஞ்சினின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் அவற்றை இசையச் செய்தார். 1928ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கேடிலாக் கார்களில் அதற்கென ஓர் அமைப்பு வந்தது. அதனைச் சிங்க்ரோமெஷ் என்பர். கூம்பு வடிவான பித்தளை வளையம் ஒன்று பற்சக்கரத்தின்மீது அழுந்தி, உராய்வினால் அதன் வேகத்தை மாற்றி, இரண்டும் ஒத்த வேகம் கொண்டபின் கோத்துக்கொள்ளச் செய்கிறது. உராய்வினால் என்பதைக் கவனியுங்கள். அதே எண்ணெயில் மூழ்கியிருக்கும் பற்களுக்கு உராய்வு பகை. வளையத்திற்கோ உராய்வே உயிர். அளவுக்கு மீறி வழுக்கும் எண்ணெயில் வளையம் பற்றாது. அன்றியும், பின்னச்சு எண்ணெயிலுள்ள கந்தகச் சேர்மங்களுள் சில, சூட்டில் பித்தளையை அரிக்கக்கூடியவை. எண்ணெய்க் கலங்களின்மேல் ஜி.எல்.-4, ஜி.எல்.-5 என அச்சிட்டிருப்பது இவ்வேறுபாட்டை உணர்த்தவே. எண் பெரியதாயின் எண்ணெய் எல்லாவற்றுக்கும் சிறந்தது என்று கருதுவோர் பலர். வண்டியோடு தரப்படும் கையேட்டைப் புரட்டினால் எந்த உறுப்புக்கு எது என்று தெளிவாக இருக்கும். ஆனால், அக்கையேடு பெரும்பாலும் உறை பிரிக்கப்படாமலே இருக்கையின் அடியில் உறங்குகிறது.

குளிரும் தன் பங்கைச் செய்திருந்தது. சனவரியில் உதகையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இரவு வெப்பம் உறைநிலையை நெருங்கும். கலத்தின்மேல் 80டபிள்யூ-90 என்றிருந்தால், முதல் எண் குளிரில் அது எவ்வாறு பாயும் என்பதையும், இரண்டாம் எண் சூட்டில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதையும் காட்டும். எங்கள் பெட்டிக்குள் ஊற்றியிருந்ததோ 85டபிள்யூ-140. சமவெளியில் பெருஞ்சுமை இழுக்கும் பின்னச்சுக்கு அது பொருந்தலாம். கேத்தியின் பனியில் நின்ற கியர் பெட்டிக்கு அது பாகு.

மேஸ்திரி எண்ணெயை இறக்கினார். மேலேயுள்ள நிரப்பும் திருகு கழல்கிறது என்று கண்ட பின்னரே, கீழேயுள்ள வடிக்கும் திருகைத் தொடுவது அவர் வழக்கம். கீழ்த்திருகை முதலில் கழற்றி எண்ணெயை வடித்துவிட்டு, மேல்திருகு துருவேறி அசையாமல் நின்றுவிட்டால், வண்டி நின்ற இடத்திலேயே கிடக்க வேண்டியதுதான். வடிக்கும் திருகின் நுனியில் சிறு காந்தம் உண்டு. அதில் சாம்பல் நிறச் சேறு சிறிது ஒட்டியிருப்பது இயல்பு. எங்கள் திருகில் அச்சேற்றோடு எஃகுத் துண்டுகள் எவையும் இல்லை. ஆனால், வடிந்த எண்ணெயில் பொன்னிறப் பொடி மின்னியது. பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. வளையத்தின் பித்தளை அது.

“புது எண்ணெய் ஊற்றினால் இன்றே ஓட்டலாம். கியர் ஓரளவு விழும். ஆனால், இரண்டாம் கியரின் வளையம் தேய்ந்துவிட்டது. எப்போது மறுபடி கைவிடும் என்று என்னால் கூற இயலாது” என்றார் மேஸ்திரி.

வளையத்தை மாற்றப் பெட்டி முழுவதையும் கீழே இறக்க வேண்டும். அதற்கு இரண்டு நாள் ஆகும். செலவு ஒரு மாதக் கடன் தவணைக்கு நிகர். அவ்வாரம் கேரட்டுக்கு நல்ல விலை. தோட்டக்காரர்கள் தொலைபேசியில் அழைத்தபடி இருந்தனர். தமையனார் சிறிது நேரம் பட்டறைத் திண்ணையில் அமர்ந்திருந்தார். பிறகு எழுந்து, தன் சுமையை வேறொருவர் வண்டிக்கு மாற்றிவிடுமாறு கூறி, “இறக்குங்கள், மேஸ்திரி” என்றார்.

அந்த இரண்டு நாளில் நான் கற்றவை பல. ஆற்று நீர் மேவிய தரைப்பாலத்தைக் கடக்கும்போது, சூடான பின்னச்சு திடீரெனக் குளிர்கிறது. உள்ளேயுள்ள காற்று சுருங்குகிறது. மேலேயுள்ள சிறு மூச்சுத்துளை சேற்றால் அடைபட்டிருந்தால், வெளிக்காற்று அவ்வழியே புக முடியாமல், அச்சின் விளிம்புகள் வழியாக நீர் உறிஞ்சப்படும். அந்த எண்ணெய் பால் கலந்த காப்பியின் நிறம் கொள்ளும். அவ்வாறு கண்டால் அன்றே மாற்றுதல் வேண்டும்.

மேஸ்திரிக்குத் தானியங்கிக் கியர் பெட்டிகள்மீது அவ்வளவு விருப்பம் இல்லை. ஆனால், அவற்றின் எண்ணெய்க்கும் இதே இருதலைச் சிக்கல் உண்டு. அது பற்களை வழுக்கச் செய்யவும் வேண்டும். எண்ணெயில் மூழ்கிய கிளட்சுத் தகடுகள் மென்மையாகப் பற்றவும் விட வேண்டும். அமெரிக்கக் கார்களில் 1940ஆம் ஆண்டு முதல் பெருகிய அப்பெட்டிகளுக்கு உற்ற துணையாக விளங்கியது எண்ணெய்த் திமிங்கிலத்தின் நெய்! 1970இல் அமெரிக்க அரசு அத்திமிங்கிலத்தை அழியும் உயிரினங்களின் பட்டியலில் சேர்த்த பின்னரே வேதியியலார் மாற்றுப் பொருள்களைத் தேடி விரைந்தனர். கியர் பெட்டிக்காகக் கடலில் வேட்டையாடினர் என்பதை எண்ணினால் மனம் சற்று வருந்துகிறது.

மூன்றாம் நாள் காலை பெட்டி தன் இடத்தில் ஏறியது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, மேஸ்திரி புது எண்ணெயை மெல்ல ஊற்றினார். நிரப்பும் துளையின் கீழ்விளிம்பில் சுண்டுவிரலை வைத்து, எண்ணெய் அதனைத் தொட்டதும் நிறுத்திக்கொண்டார். அதற்கு மேல் ஊற்றினால் எண்ணெய் நுரைத்துச் சூடேறி, அடைப்பு வளையங்களைக் கடந்து கசியும் என்றார். தமையனார் பணம் எண்ணிக் கொடுத்துவிட்டு, ஓட்டுநர் கதவின் உட்புறத்தில் அன்றைய தேதியையும், வண்டி ஓடியிருந்த கிலோமீட்டரையும், இரண்டு எண்ணெய்களின் பெயர்களையும் தனித்தனியே எழுதினார். மாலையில் வெற்றுத் தட்டோடு கேத்திக்கு ஏறினோம்.