நாற்பது பங்கில் ஒரு டிராக்டர்



தொழுகை, நோன்பு, ஸகாத் ஆகியவற்றில் மார்க்கத் தீர்ப்பைத் தேடி வரும் நம் மக்கள், வண்டி வாங்கும்போதும் வீடு கட்டும்போதும் பெரும்பாலும் கடைக்காரரிடமே தீர்ப்புக் கேட்டுக்கொள்கிறார்கள். மத்ரஸாவில் கொடுக்கல் வாங்கல் பாடத்தை ஆண்டுதோறும் நடத்திவரும் எங்களுக்கு, அந்தப் பாடம் முழுவதும் சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்துக்குள்ளேயே பரீட்சையாக வந்து சேர்ந்தது. முன்புறம் லோடர் பொருத்திய ஒரு சிறிய டிராக்டர் வாங்க வேண்டியிருந்தது. எதை வாங்குவது, யாருடைய பணத்தில் வாங்குவது, எப்படி வாங்குவது என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை காண ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறோம்.

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் வாப்பா விட்டுச்சென்ற ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் எங்கள் வட்டாரத்துத் தோப்புகளை என்ன செய்தது என்பதை இப்பகுதி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் தோப்பிலும் பாதிக்கு மேற்பட்ட மரங்கள் சாய்ந்தன. மறு ஆண்டில் நட்ட கன்றுகள் இப்போது காய்க்கத் தொடங்கிவிட்டன. காய்க்கும் மரத்துக்குத் தீனி வேண்டும். அங்கிருந்துதான் டிராக்டரின் தேவை எழுந்தது.

கணக்கு எளிது. இருபத்தைந்து அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 70 தென்னை நிற்கும். ஆறு ஏக்கருக்கு 420. ஐந்தாம் ஆண்டு முதல் மரத்துக்கு ஆண்டுதோறும் 50 கிலோ தொழு உரம் இட வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஆக, 21 டன் எருவைக் குவியலிலிருந்து அள்ளி, ஒவ்வொரு மரத்தடிக்கும் கொண்டு சேர்க்க வேண்டும். இத்தனை காலமும் அதைக் கூடையில் சுமந்தவர், இருபது ஆண்டுகளாக எங்களுடன் இருக்கும் ஒரு பெரியவரும் அவருடைய மகனும். பெரியவரால் இப்போது குனிந்து நிமிர முடிவதில்லை. வேறு ஆள் தேடினாலும் கிடைப்பதில்லை.

முதலில் வந்த யோசனை பெரிய டிராக்டர். எங்கள் காக்கா வளைகுடாவில் பல ஆண்டுகள் பெரிய இயந்திரங்களுடன் பழகியவர். 45 குதிரைத்திறன் இருந்தால் வெளி வேலைக்கும் ஓட்டலாம் என்றார். நாங்கள் அளவு நாடாவுடன் தோப்புக்குச் சென்றோம். தென்னையின் உணவு உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மரத்தடியைச் சுற்றி, மேல்மண்ணிலேயே இருக்கின்றன. அதனால்தான் 1.8 மீட்டர் ஆரத்தில் வட்டப் பாத்தி எடுத்து அதற்குள் உரமிடச் சொல்கிறார்கள். அந்த வட்டத்துக்குள் சக்கரம் ஏறலாகாது. இரு மரங்களுக்கு நடுவே உள்ள ஏழரை மீட்டரில் இரண்டு பாத்திகளுக்கும் 3.6 மீட்டர் போக, மீதி நான்கு மீட்டருக்கும் குறைவு. அதிலும் நடுவில் வாழையும் தீவனப்புல்லும் நிற்கின்றன. சுமார் இரண்டு டன் எடையுள்ள வண்டி ஒரே தடத்தில் நூறு முறை போய்வந்தால் மண் இறுகும். இறுகிய மண்ணில் நீரும் காற்றும் இறங்கா. ஆகவே சிறிய வண்டியே போதும் என்று காக்காவும் ஒப்புக்கொண்டார்.

நான்கு சக்கர இயக்கம் உள்ள சிறிய வண்டிகளில் மஹிந்திரா ஜீவோ 245, குபோட்டா நியோஸ்டார் பி2441, ஜான் டியர் 3028 இஎன் போன்றவற்றை நேரில் சென்று பார்த்தோம். முதல் இரண்டும் 24 குதிரைத்திறன், மூன்றாவது 28. எதை வாங்கினோம் என்பதை இங்கே எழுதவில்லை. இது விளம்பரம் அன்று. என்ன பார்த்தோம் என்பதையே எழுதுகிறோம்.

முன் லோடர் வைத்த டிராக்டரில் சுமை முழுவதும் முன் அச்சின் மீது விழுகிறது. பின் சக்கரங்கள் இலேசாகின்றன. இரு சக்கர இயக்க வண்டியில் அப்போது பின் சக்கரம் பிடிப்பின்றி வழுக்கும். எனவே நான்கு சக்கர இயக்கம் ஆடம்பரம் அன்று, அவசியம். பவர் ஸ்டியரிங்கும் அப்படியே. பின்புறத்து மும்முனை இணைப்பில் எதிர் எடை மாட்ட வேண்டும். இல்லையேல் பக்கெட் நிறைந்திருக்கும்போது வண்டி முன்னால் கவிழப் பார்க்கும். விற்பனைத் தாளில் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் தூக்கும் திறன் பின்புற இணைப்புக்குரியது. அதை லோடரின் திறன் என்று எண்ணிவிடக் கூடாது. லோடரின் திறனைக் கேட்கும்போதும், முழு உயரத்தில் எவ்வளவு தூக்கும் என்று கேட்க வேண்டும். லோடர் வேலையில் வண்டி நிமிடந்தோறும் முன்னும் பின்னும் போய்வருவதால், கியரை முன்பின் மாற்றுவது எளிதாக இருக்கிறதா என்பதை ஓட்டிப் பார்த்தே அறிய வேண்டும். வெளிப் பட்டறையில் லோடர் பொருத்தினால் வண்டியின் உத்தரவாதம் நிலைக்குமா என்பதை வாய்ச்சொல்லாக அன்றி எழுத்தில் வாங்க வேண்டும். ஒரு விற்பனை முகவர் அதை எழுதித் தரத் தயங்கினார். நாங்கள் ஸலாம் சொல்லி எழுந்து வந்துவிட்டோம்.

இயந்திரம் இவ்வாறு ஓரளவு தெளிவானது. பணம்தான் தெளியவில்லை.

கையிலிருந்த தொகை பாதிக்குச் சற்று மேல். மீதிக்கு அன்றே நிதி நிறுவனக் கடன் ஏற்பாடு செய்வதாக எல்லா இடத்திலும் சொன்னார்கள். காக்காவின் மகன், எங்கள் பிள்ளை, நயமாகவே கேட்டான்: "சாச்சா, ஊரே இப்படித்தான் வாங்குது. விவசாயத்துக்குத்தானே, வீண் செலவுக்கா?" அவன் கேட்டதில் உண்மை உண்டு, நம் ஊர்களில் வட்டியின்றி வண்டி வாங்கியோர் குறைவு. ஆயினும் அல்பகரா அத்தியாயத்தின் 275ஆம் வசனம் வணிகத்தை ஆகுமாக்கி வட்டியைத் தடுக்கும்போது, கடன் வாங்கும் நோக்கம் நல்லதா என்று பார்த்து விலக்கு அளிக்கவில்லை. எங்கள் நிலை நிர்ப்பந்தமும் அன்று. வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர்களை வாடகைக்குத் தருகிறது. அவ்வாறு ஒரு பருவத்தைக் கடத்த இயலும். வழி இருக்கும்போது நிர்ப்பந்தம் என்று சொல்லிக்கொள்ள முடியாது அல்லவா?

"வட்டியில்லாத் தவணை" என்றும் ஒரு முகவர் கூறினார். ரொக்கமாக வாங்கினால் என்ன விலை என்று கேட்டோம், கணிசமாகக் குறைந்தது. தவணை தவறினால் என்ன என்று கேட்டோம். தாமதத்துக்கு மாதந்தோறும் அபராதம் என்றார். சட்ட நுணுக்கம் இங்கே இருக்கிறது. ரொக்க விலையைவிடத் தவணை விலை கூடுதலாக இருப்பது மட்டும் ஒரு விற்பனையை வட்டியாக்கிவிடாது. ஒப்பந்தத்தின்போதே ஒரே விலை உறுதியாகிவிட்டால் அது ஆகும் என்பது பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. 1990இல் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும் அவ்வாறே முடிவு செய்தது. ஆனால் தாமதத்துக்காகத் தொகையைக் கூட்டுவதை அது அனுமதிக்கவில்லை. அத்துடன், எங்களுக்குச் சொல்லப்பட்ட ஏற்பாட்டில் விற்பவர் வேறு, பணம் தருபவர் வேறு. பணம் தருபவர் வண்டியைத் தமக்கு உடைமையாக்கி விற்கவில்லை, பணத்தைக் கொடுத்துப் பணத்தைக் கூட்டி வாங்குகிறார்.

வணிகரான உறவினர் ஒருவர், தாமே வண்டியை வாங்கி எங்களுக்கு இலாபம் வைத்துத் தவணையில் விற்பதாகச் சொன்னார். இது ஆகுமான வழி. ஆனால் வண்டி முதலில் உண்மையாகவே அவர் உடைமைக்கும் பொறுப்புக்கும் வர வேண்டும். எங்களிடம் விற்கும் வரை அதற்கு நேரும் சேதம் அவருடையதாக இருக்க வேண்டும். தாளில் மட்டும் அவர் பெயர் வந்துபோனால் அது வேடம் மாற்றிய கடனே. இரு முறை பதிவுச் செலவைக் கணக்கிட்டபோது, அவருக்கும் எங்களுக்கும் அது ஏற்றதாகத் தோன்றவில்லை. நன்றி சொல்லி விலகினோம்.

இந்த நேரத்தில்தான், வேறு ஊரில் வாழும் எங்கள் ராத்தாவிடம் தொலைபேசியில் பேசினோம். அவர் சொன்னது: "வண்டி வேணாம்னு நான் சொல்லல தம்பி. ஆனா தோப்புக் காசுலதானே வாங்குறீங்க? அதுல என் பங்கு எவ்வளவு போகுதுன்னு எனக்குத் தெரியணும்."

வாப்பாவின் தோப்பு இன்னும் பிரிக்கப்படாத சொத்து. மார்க்கப் பாகப்பிரிவினைப்படி அதை நாற்பது பங்காக்கினால், உம்மாவுக்கு எட்டில் ஒன்றாக 5, ஆண் மக்கள் இருவருக்கும் தலா 14, ராத்தாவுக்கு 7. தேங்காய் வருமானமும் அவ்வாறே பிரிய வேண்டும். நம் குடும்பங்களில் பெண் பிள்ளையின் பங்கு மறுக்கப்படுவதில்லை. ஆனால் "தோப்புச் செலவு" என்னும் பெயரில் அது ஆண்டுதோறும் கரைந்துவிடுகிறது. ஒரு டிராக்டர் அத்தகைய செலவுகளில் பெரியது. பொதுப் பணத்தில் வாங்கிய வண்டி ஊருக்கெல்லாம் வாடகைக்கு ஓட, வாடகை மட்டும் ஓட்டுபவரின் சட்டைப்பைக்குப் போவதை எத்தனை வீடுகளில் பார்க்கிறோம்!

ஆகவே வீட்டில் உம்மாவின் முன்னிலையில் மஷூரா செய்தோம், ராத்தாவும் வந்திருந்தார். தம் பங்கை எடுக்க வேண்டாம் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு என்பதை முதலிலேயே தெளிவாக்கினோம். அவர் யோசித்து, சேர்வதாகவே சொன்னார். முடிவுகள் இவை: வண்டியும் நாற்பது பங்கே. வெளி வாடகை வருமானத்தில் டீசல், பழுது, ஓட்டுநர் கூலி போக மீதி நாற்பதாகப் பிரியும். காக்கா மேற்பார்வை பார்ப்பதற்குத் தனியே மாதச் சம்பளம். அதைப் பங்குடன் கலக்கலாகாது. கணக்கு மாதம் ஒருமுறை நால்வருக்கும் போகும். இவற்றை எழுதி, இரு சாட்சிகளுடன் கையெழுத்திட்டோம். கடனையும் தவணையையும் எழுதிக்கொள்ளச் சொல்லும் 282ஆம் வசனம் திருக்குர்ஆனிலேயே மிக நீளமானது. உடன்பிறந்தோருக்குள் எழுத்து எதற்கு என்று காக்கா முதலில் சற்று வருந்தினார். அன்பு இருக்கும்போதே எழுதிவிட்டால் அன்பு நிலைக்கும் என்று உம்மா சொன்னதும் அமைதியானார்.

பிறகு காத்திருந்தோம். ஒரு பருவம் வாடகை வண்டியில் வேலை நடந்தது. தேங்காய்ப் பணம் சேர்ந்தது. அதற்கிடையில் 2025 செப்டம்பர் 22 முதல் விவசாய டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. அப்போதும் குறைந்த சிறு தொகையை உறவினரிடம் வட்டியில்லா அழகிய கடனாகப் பெற்று, திருப்பும் நாளைக் குறித்துக்கொடுத்தோம். வண்டியும் லோடரும் எதிர் எடையும் ரொக்கத்தில் வந்தன.

இனி, மனிதர்களைப் பற்றி. கூடை சுமந்த பெரியவருக்கு இயந்திரம் வந்ததால் வேலை போனது என்று ஆகிவிடக் கூடாது. நீர் பாய்ச்சுவதும் தோப்புக் காவலும் அவருடையவை, கூலியில் குறைவில்லை. அவர் மகன் முறையாக ஓட்டுநர் உரிமம் பெற்று, இப்போது அந்த வண்டியை ஓட்டுகிறார். பக்கெட்டுக்கு 250 கிலோ என்று வைத்தால் 21 டன்னுக்கு 84 நடை. கூடையில் வாரக்கணக்கில் இழுத்த வேலை சில நாளில் முடிகிறது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வண்டி வந்த வாரமே, பக்கெட்டில் ஆளை ஏற்றி உயர்த்தினால் இளமரங்களில் காய் பறிக்கலாமே என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். பக்கெட் மண்ணுக்கும் எருவுக்கும் செய்தது. மனிதரை நிறுத்தச் செய்ததன்று. ஹைட்ராலிக் குழாய் ஒன்று வெடித்தால் அது நொடியில் விழும். சுமையுடன் போகும்போது பக்கெட்டைத் தரையை ஒட்டித் தாழ்த்தியே போக வேண்டும். உயர்த்தியபடி திரும்பினால் வண்டி பக்கவாட்டில் கவிழும். மட்காட்டில் பிள்ளைகளை உட்கார வைத்து ஓட்டும் பழக்கத்தையும் நம் ஊர்களில் நிறுத்தியாக வேண்டும். உயிரும் அமானத்தே.

ஸகாத் குறித்துக் கேட்பவர்களுக்காக ஒரு வரி: உழைப்புக் கருவி என்ற முறையில் டிராக்டரின் மதிப்புக்கு ஸகாத் இல்லை. அது ஈட்டும் வாடகை சேமிப்பாகி, நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்தால், அவரவர் பங்குக்கு அவரவர் கொடுக்க வேண்டும்.

முதல் மாதக் கணக்குத் தாள் ராத்தாவுக்குப் போனபோது, டீசல் செலவு ஓரிடத்தில் இரு முறை எழுதப்பட்டிருப்பதாகச் சுட்டிக்காட்டித் திருப்பி அனுப்பினார். பார்த்தோம், உண்மைதான். காக்கா சிரித்துக்கொண்டே திருத்தினார். பங்குதாரர் கணக்குப் பார்ப்பது குறை காண்பதாகாது, அவருடைய உரிமை என்பது எங்கள் வீட்டில் இப்போது வழக்கமாகிவிட்டது.

அல்லாஹ் நம் அனைவரின் தொழிலிலும் தோப்பிலும் பரக்கத் செய்து, வட்டியின் சுமையிலிருந்தும் உறவுகளின் உரிமையைப் பறிப்பதிலிருந்தும் நம்மைக் காப்பானாக. ஆமீன்.