தருமராஜா கோயில் திடலும் ஒரு கூத்து நோட்டும்

சித்தூரின் பழைய நாடக அரங்கு எது என்று சென்னையிலிருந்து ஓர் ஆய்வு நண்பர் கேட்டிருந்தார். கட்டடமாகக் காட்டவேண்டுமென்றால் நாகையா கலாட்சேத்திரத்தைக் காட்டலாம். அந்த அரங்கின் பெயருக்கு உரியவரான சித்தூர் வி. நாகையா 1904இல் குண்டூர்ப் பக்கத்து ரேபல்லெயில் பிறந்தவர். சித்தூர் நாடக மேடைகளில் பாடி நடித்தவர் என்பதால் ஊரின் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. தெலுங்கில் போதனாவாகவும் தியாகய்யாவாகவும் வேமனாவாகவும் நடித்த அதே மனிதர்தாம் தமிழில் ‘அசோக்குமார்’ (1941), ‘மீரா’ (1945) படங்களிலும் நடித்தார். திருப்பதியில் என்றால் மஹதி கலையரங்கமும் அன்னமாச்சார்யா கலாமந்திரமும் இருக்கின்றன. எனினும் மூன்று கோடைகளாக என் களப்பணி என்னை அழைத்துச் செல்லும் அரங்குக்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. அது தருமராஜா கோயிலின் முன்னுள்ள திடல்.

தமிழ்நாட்டில் திரௌபதியம்மன் கோயில் என்று நாம் அறிவதே இப்பக்கத்தில் பெரும்பாலும் தருமராஜா கோயிலாகிறது. பங்குனி முதல் வைகாசி வரை ஊருக்கு ஊர் பாரத உற்சவம் நடக்கும். பகலில் அரிகதை, இரவில் கூத்து, தெலுங்கில் வீதி நாடகம். பகாசுரன் கதையன்று சோறேற்றிய வண்டி ஊரைச் சுற்றி வரும். அர்ச்சுனன் தபசன்று வேடம் கட்டியவர் நெடிய மரத்தின்மேல் பாடிக்கொண்டே ஏறுவார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரப்புடவையோடு கீழே காத்திருப்பார்கள். மேலிருந்து எலுமிச்சையும் விபூதியும் விழும். இறுதிநாளில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் மாள்வான், பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள், மாலையில் தீமிதி. ஆல்ஃப் ஹில்டபைட்டல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988இலும் 1991இலும் வெளியிட்ட இரு பெருந்தொகுதிகளைப் படித்தவர்களுக்கு இவையெல்லாம் தெரிந்தவை. ஆனால் அந்நூல் செஞ்சியை நடுவாகக் கொண்டது. இங்கே வந்து உட்கார்ந்தால் வேறொன்று காதில் விழுகிறது: மேடையில் இரண்டு மொழிகள்.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்று வரலாறு சொல்லும். 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரே சித்தூர்தான். அவ்வாண்டு தனி மாவட்டமானது. 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போயிற்று. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. நகரி, புத்தூர், சத்தியவேடு, குடிபாலா, குப்பம் பக்கங்களில் வீட்டுக்குள் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்தவர்கள் ஏராளம்.

வியப்பு, மொழிகள் கலக்கும் முறையில் இருக்கிறது. நான் கேட்ட கூத்துகளில் பாட்டுகள் தமிழிலேயே நின்றுவிட்டன. வசனம் தெலுங்குக்கு நகர்ந்துவிட்டது. பாட்டு தாளத்தோடும் எதுகையோடும் கட்டப்பட்டது. ஒரு சொல்லை மாற்றினால் அடி சரிந்துவிடும். வசனத்துக்கு அந்தக் கட்டு இல்லை. திடலில் அமர்ந்திருப்பவர் முகம் பார்த்து அது மாறும். கட்டியங்காரனோ இரண்டிலும் நிற்பவன். அரசனிடம் தெலுங்கில் பணிவாகப் பேசிவிட்டு, சபையோர் பக்கம் திரும்பி, அதே அரசனைத் தமிழில் வாரிவிடுவான். மொழி மாறும் அந்த நொடியில்தான் சிரிப்பு எழுகிறது.

1971இல் கம்பர்சும் வில்சனும் மராட்டிய – கன்னட எல்லையிலுள்ள குப்வார் என்னும் சிற்றூரைப் பற்றி எழுதிய கட்டுரை மொழியியல் மாணவர் எல்லோருக்கும் பாடம். அங்கே மராத்தி, உருது, கன்னடம் ஆகியவற்றின் இலக்கண அமைப்புகள் ஏறக்குறைய ஒன்றாகிவிட, சொற்கள் மட்டும் தனித்தனியே நின்றன. நம் ஊர்த்தெருவில் அப்படி நடந்திருக்கலாம். கூத்து மேடையில் நடப்பது வேறு. தெருவில் கலந்து பேசுகிற அதே ஆள் மேடையேறியதும் இரு மொழிகளையும் பிரித்து வைக்கிறார். பிரிந்து நின்றால்தானே பகடி எடுபடும்?

இதே மாவட்டத்தில் இன்னொரு மேடையும் உண்டு. தெலுங்குப் பத்திய நாடகம். திருப்பதி வேங்கட கவுலு எழுதிய பாரத நாடகங்களில் வரும் கிருஷ்ண ராயபாரத்தைக் கேட்காத தெலுங்கு ஊர் குறைவு. (இந்தத் ‘திருப்பதி’ ஊரல்ல, திவாகர்ல திருப்பதி சாஸ்திரி, செள்ளப்பிள்ள வேங்கட சாஸ்திரி என்னும் இரட்டைப் புலவர்கள்.) ஒரு பத்தியம் முடிந்து ராகம் இழுபட்டதும் கூட்டத்திலிருந்து ‘ஒன்ஸ்மோர்’ என்று குரல் எழும், கண்ணன் தூதுப்பேச்சை நிறுத்தி அதே பத்தியத்தை மறுபடி பாடுவார். அதே காட்சிதான் நம் ‘கிருஷ்ணன் தூது’. ஆனால் கூத்தில் மறுமுறை கேட்கும் வழக்கத்தை நான் கண்டதில்லை. பின்பாட்டுக்காரர்களே ஒவ்வோர் அடியையும் திருப்பிப் பாடிவிடுகிறார்கள். என் காதுக்குக் கூத்தே ஒரு படி மேல். இது ஆய்வாளனின் தீர்ப்பு அன்று, உட்கார்ந்து கேட்டவனின் தீர்ப்பு.

சென்ற கோடையில் எழுபதைக் கடந்த ஒரு கூத்து வாத்தியார் தம் பாட்டு நோட்டை என்னிடம் காட்டினார். நீளவாட்டு நோட்டு, எண்ணெய்ப் பிசுக்கேறிய அட்டை. உள்ளே பாட்டெல்லாம் தமிழ்; எழுத்தெல்லாம் தெலுங்கு. “தமிழு படிக்க வராது தம்பி, பாட வரும்” என்றார்.

அந்த நோட்டு ஒலியியலாருக்கு ஒரு புதையல். தமிழெழுத்து ஒலிப்புடைய மெய்யையும் ஒலிப்பில்லா மெய்யையும் பிரித்துக் காட்டுவதில்லை, தெலுங்கெழுத்து காட்டும். ‘துரியோதனன்’, ‘தூது’ ஆகிய இரண்டும் நமக்கு ஒரே தகர மெய்யில் தொடங்குகின்றன. வாத்தியாரின் நோட்டில் முன்னது மெல்லொலிப்பான ‘த’, பின்னது வல்லொலிப்பான ‘த’. ஒரு கூத்துக்காரரின் நாக்கு எப்படிப் புரண்டது என்பதை ஒலிநாடா இல்லாமலே அது பதிந்து வைத்திருக்கிறது. இழப்பும் உண்டு. இன்றைய தெலுங்கில் ழகரம் இல்லை, எல்லாம் ளகரமாயின. ‘வாழ்’ என்பதா ‘வாள்’ என்பதா என்று ஓரிடத்தில் திணறிக் கேட்டேன். அவர் யோசிக்கவில்லை. “பாஞ்சாலி பாடுனா வாழுறது, அர்ச்சுனன் பாடுனா வெட்டுறது” என்றார். எழுத்தில் போன வேறுபாட்டை வேடம் காப்பாற்றிவிடுகிறது.

அவருக்குப் பின்? இரு மகன்களும் கூத்துப் பழகவில்லை. வேலூருக்கும் திருப்பதிக்கும் வேலைக்குப் போகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஓரிரவு முழுதும் ஆடிக் கிடைப்பதைக் குழுவில் பங்கிட்டபின் கையில் நிற்கும் தொகை மிகச் சிறிது. இரவும் குறுகிக்கொண்டே வருகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு நள்ளிரவு வரை தளர்வு தரலாம், அதுவும் ஆண்டுக்குப் பதினைந்து நாளுக்கு மிகாமல். நகரத்து நோயாளிக்கும் மாணவருக்கும் வேண்டிய விதி அது. அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் விடிய விடிய ஆடுவதற்கென்றே கட்டப்பட்ட கலை பன்னிரண்டு மணிக்குள் முடியவேண்டுமென்றால் எதை வெட்டுவது? நான் போகும் ஊர்களில் வெட்டுப்படுவது பாட்டு. கதையைச் சொல்லி முடிக்க வசனம் போதும் அல்லவா? ஆக, மிஞ்சியிருந்த தமிழே முதலில் குறைகிறது. எந்த மொழிச் சட்டமும் இதைச் செய்யவில்லை.

நோட்டைப் படியெடுத்து ஓர் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பினேன். படிவத்தில் ‘மொழி’ என்று ஒரு கட்டம். ‘தமிழ்’ என எழுதினேன். பக்கங்களைப் பார்த்தவர்கள் தெலுங்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே படித்தவர்களுக்குப் பொருள் விளங்கவில்லை என்று திரும்பி வந்தது. மொழிக்கு ஒரு கட்டம், எழுத்துக்கு ஒரு கட்டம் என இரண்டாகப் பிரித்துத் தரும்படி எழுதியிருக்கிறேன். விடை வரவில்லை.

இதற்கிடையில் வேறு இரு குழுக்களிடமும் இத்தகைய நோட்டுகள் உள்ளன என்று வாத்தியார் சொன்னார். நகரி, புத்தூர், பலமநேர், குப்பம் பக்கத்து மாணவர்கள் இதைப் படித்தால், உங்கள் ஊர் தருமராஜா கோயிலில் ஆடும் குழுவிடம் ஒரு சொல் கேளுங்கள். நோட்டை வாங்கி வர வேண்டாம். அது அவர்கள் கையிலேயே இருக்கட்டும். பக்கம் பக்கமாகக் கைப்பேசியில் படம் எடுத்தால் போதும். முடிந்தால் அவர்களையே பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ழகரம் எங்கே இருந்தது என்று பிறகு தேட வேண்டியிராது. குடிபாலாப் பக்கம் பங்குனியில் கொடியேறுகிறது. நான் அங்கேதான் இருப்பேன்.