பதினேழு அறுபது

ஸ்காபரோவில் ஒரு பிள்ளைக்குப் பகுதிநேர வேலை கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டால் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது, "மணித்தியாலத்துக்கு எவ்வளவு தாறாங்கள்?" என்றுதான். எங்கே, என்ன வேலை என்பதெல்லாம் பிறகு. பிள்ளையும் "பதினேழு அறுபது" என்று சொல்லும். ஒன்ராறியோவில் 2025 ஒக்ரோபர் 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் அவ்வளவு. கோப்பிக் கடையோ மரக்கறிக் கடையோ, தொடக்கம் பெரும்பாலும் அதுதான். கேட்டவர் உடனே மனதுக்குள் பெருக்கிப் பார்த்துவிடுவார். அந்தப் பெருக்கல் வங்கியில் விழுகிற காசோடு ஒத்துவந்ததை நான் கண்டதில்லை.

என் தங்கச்சியின் மகளுக்கு இருபது வயது. படித்துக்கொண்டே ஒரு கோப்பிக் கடையில் கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு ஆறு மணித்தியாலம் நிற்கிறாள். சம்பளம் இரண்டு கிழமைக்கு ஒருக்கால். 36 மணித்தியாலத்தை 17.60ஆல் பெருக்கினால் 633.60 டொலர். வந்தது 544.72. ஃபோனில் பே ஸ்ரப்பைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மாமா, கவர்மென்ற் தொண்ணூறு டொலர் கிட்ட எடுத்துப்போட்டுது."

"எங்கை, எடுத்த இடத்தைக் காட்டு பாப்பம்."

பே ஸ்ரப்பைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வாசிப்பதுதான் எல்லோருக்கும் பழக்கம். மேலிருந்து கீழே வாசித்தால் கதை வேறு. முதல் வரியிலேயே மணித்தியாலம் 33 என்று இருந்தது, 36 அல்ல. ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் ஒருவரைத் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, இடையில் அரை மணித்தியாலம் சாப்பாட்டு நேரம் விடவேண்டும் என்பது இங்குள்ள சட்டம். அந்த அரை மணித்தியாலத்துக்குச் சம்பளம் கொடு என்று சட்டம் சொல்லவில்லை. ஆறு மணித்தியால ஷிப்ட் என்றால் காசு ஐந்தரைக்குத்தான். ஆறு ஷிப்டில் மூன்று மணித்தியாலம் போனது. அதன் விலை 52.80.

மொத்தச் சம்பளம் ஆக 580.80. அதிலிருந்து அரசாங்கம் எடுத்தது இரண்டே கழிவு. சிபிபி என்கிற ஓய்வூதியத் திட்டத்துக்கு 26.55. வேலையிழப்புக் காப்புறுதியான ஈஐக்கு 9.53. இரண்டும் சேர்ந்து 36.08. வருமான வரி என்ற இடத்தில் பூச்சியம். இந்த அளவு சம்பளத்தை வருடத்துக்குப் பெருக்கினாலும் 15,100 டொலர்தான் வரும்; 2025இல் மத்திய அரசு வரியில்லாமல் விடுகிற தொகை 16,129. மாகாண வரியும் இந்த மட்டத்தில் தள்ளுபடியாகிவிடும். அவள் திட்டிய கவர்மென்ற் எடுத்ததைவிட, அவள் சான்ட்விச் தின்ற நேரம் கூடுதலாக எடுத்திருக்கிறது.

சிபிபி கணக்கு கொஞ்சம் நுணுக்கமானது. வருடத்தில் முதல் 3,500 டொலருக்குப் பிடிப்பதில்லை. இரண்டு கிழமைச் சம்பளமென்றால் 134.61ஐ விட்டுவிட்டு மிச்சத்தில் 5.95 வீதம். அதே தொகையை முதலாளியும் தன் பங்குக்குப் போடவேண்டும். ஈஐக்கு 2025இல் தொழிலாளி பங்கு 1.64 வீதம், முதலாளி அதைப்போல் 1.4 மடங்கு. பே ஸ்ரப்பில் தொழிலாளியின் பங்கு ஓரத்தில் குத்துகிற மாதிரி நிற்கும். முதலாளியின் பங்கு அநேகமாகக் கண்ணிலேயே படாது.

இந்த இரண்டு கழிவையும் பார்த்தால் என் வயதுக்காரருக்கு வேறு யோசனை வரும். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களில் பலர் கோப்பை கழுவித்தான் தொடங்கினார்கள். ஒரு பகுதி வேலை செக்கில், ஒரு பகுதி கைக்காசில். கைக்காசு என்றால் கழிவில்லை, முழுதாக வரும். ஊருக்கு அனுப்பலாம், சீட்டுக் கட்டலாம். கெட்டித்தனம் என்று எல்லோரும் நினைத்த காலம் அது. அறுபத்தைந்தில் சிபிபி கடிதத்தைப் பிரித்தபோதுதான் அந்தக் கெட்டித்தனத்தின் கணக்கு வந்தது. முதியோருக்கான ஓஏஎஸ், நாட்டில் இருந்த வருடத்தைப் பார்த்து வரும். சிபிபி அப்படியில்லை, கட்டியதைப் பார்த்துத்தான் தருவார்கள். இருபது வருடம் இரவும் பகலும் உழைத்த ஒருவருக்கு, பதிவில் பாதி உழைப்புத்தான் இருக்கிறது. கடை மூடப்பட்டு வேலை போனபோது ஈஐ கேட்கவும் காட்ட மணித்தியாலம் இல்லை. முதலாளிகளுக்குத்தான் அந்த ஏற்பாட்டில் கொள்ளை லாபம்: தங்கள் பங்கைக் கட்டவில்லையே. இப்போதும் சில இடங்களில் பிள்ளைகளைப் பிடித்து "நீ கொன்ட்ராக்ட்டர்" என்று சொல்லி அதே வேலையைப் புதுச் சட்டை போட்டுச் செய்கிறார்கள். அப்படி நின்றால் சிபிபியின் இரண்டு பங்கும், 11.9 வீதம், அந்தப் பிள்ளையின் தலையில்தான் விழும்.

கூட வேலை செய்தால் எல்லாவற்றையும் ரக்ஸ் தின்றுவிடும் என்றொரு பயமும் எங்களிடம் ஊறிக் கிடக்கிறது. நத்தார் நேரம் இரண்டு கிழமையில் 60 மணித்தியாலம் நின்றாள் என்று வைப்போம், 1,056 டொலர். சம்பளம் போடுகிற மென்பொருளுக்கு நத்தார் தெரியாது. அதை 26ஆல் பெருக்கி, இந்தப் பிள்ளை வருடத்துக்கு 27,456 உழைக்கிறது என்று எண்ணி அதற்கேற்ற வரியைப் பிடிக்கும். வருட முடிவில் அவ்வளவு வராவிட்டால், ஏப்ரல் 30க்குள் வரிக் கணக்குக் கொடுக்கும்போது பிடித்தது திரும்பி வரும். கணக்குக் கொடுக்காமல் விட்டால் வராது. பத்தொன்பது வயது நிரம்பியவர்களுக்கு அரசாங்கம் தருகிற ஜிஎஸ்ரி காசு கிடைக்கவும் அந்தக் கணக்குத்தான் வாசல். உழைப்பில்லாத பிள்ளைக்கு எதற்கு ரக்ஸ் ஃபைல் என்று கேட்கிற தகப்பன்மார் இன்னும் இருக்கிறார்கள்.

இரண்டு இடத்தில் வேலை செய்கிற பிள்ளைக்கு நிலைமை மறுபக்கம். வேலைக்குச் சேரும்போது நிரப்புகிற ரிடி1 படிவத்தில், வேறு முதலாளி இருக்கிறார் என்ற பெட்டியில் அடையாளம் போடாமல் விட்டால், இரண்டு கடையும் அந்த வரியில்லாத தொகையைத் தனித்தனியாகக் கழித்துவிடும். மாதாமாதம் கை நிறைய வரும். ஏப்ரலில் கட்டச் சொல்லிக் கேட்பார்கள், அப்போது காசு இருக்காது.

ஆனால் மருமகளின் காசு உண்மையில் ஒழுகுகிற இடம் பே ஸ்ரப்பில் இல்லை. வீட்டிலிருந்து கடைக்கு ஒரு வழி முக்கால் மணித்தியாலம். ஆறு ஷிப்டுக்கு ஒன்பது மணித்தியாலம் பஸ்சில் போகிறது. ரொறன்ரோ பஸ்சான ரிரிசிக்குப் பிறெஸ்ரோ கார்டில் ஒரு முறை 3.30, போகவர 12 முறை, 39.60. 544.72இல் அதைக் கழித்தால் 505.12. வீட்டைவிட்டு வெளியே நின்றது 45 மணித்தியாலம். வகுத்துப் பார்த்தால் மணித்தியாலத்துக்கு 11.22. இரண்டு கிழமை முடிவில் பதினேழு அறுபதின் நிஜ உருவம் அதுதான். (விடுமுறைச் சம்பளமாக நாலு வீதம் வேறு வரவேண்டும். அந்தக் கடையில் அதைச் சேர்த்துவைத்து ஒன்றாகத் தருவதால் இங்கே சேர்க்கவில்லை.)

பென்சிலை அவளிடமே கொடுத்து இன்னொரு கணக்குப் போடச் சொன்னேன். மூன்று ஆறு மணித்தியால ஷிப்டுக்குப் பதில், சனியும் ஞாயிறும் எட்டரை மணித்தியாலம் நின்றால்? சம்பளம் வருகிற நேரம் நாளுக்கு எட்டு. இரண்டு கிழமைக்கு 32 மணித்தியாலம், 563.20. கழிவு போக 528.46. பஸ் நாலு நாளுக்கு 26.40. மிச்சம் 502.06. வெளியே நின்ற நேரம் 40 மணித்தியாலம், மணித்தியாலத்துக்கு 12.55. மூன்று டொலர் குறைய, ஐந்து மணித்தியாலம் கையில் மிஞ்சுகிறது.

"இதை ஏன் மாமா ஒருத்தரும் சொல்லேல்லை?" என்று கேட்டுவிட்டு அடுத்த நாளே மனேஜரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அவருக்குக் காலையிலும் மத்தியானத்திலும் வரிசை நிற்கிற நேரத்துக்குத்தான் ஆள் வேண்டும். வெறும் கவுண்டருக்கு முன்னால் நீள ஷிப்ட் நிற்க ஆள் தேவையில்லை. சனிக்கிழமை மட்டும் எட்டரை மணித்தியாலம் கொடுத்திருக்கிறார். மற்ற இரண்டும் பழையபடி, கிழமை நாட்களில், ஆறு மணித்தியாலம்.