குதிரையின் நெற்றியணி

செம்பூரில் வாழும் நம்மவர்க்குக் குதிரை அரிய காட்சியன்று. திருமணக் காலத்தில் மாலை மயங்கியதும், வாத்தியங்கள் முழங்க, மணமகனைச் சுமந்துகொண்டு வெண்குதிரை ஒன்று வீதியில் அசைந்து வரும். அதன் நெற்றியில் சரிகைப் பட்டம், கழுத்தில் மணிமாலை, முதுகில் வெல்வெட்டு விரிப்பு. இது வடநாட்டார் வழக்கம். எனினும், எங்கள் தம்பி மகன் திருமணத்திலும் குதிரை வேண்டும் என்று வீட்டு இளையோர் கேட்டனர். அண்டை வீட்டார் வைத்தனர்; நாம் வைக்காவிடில் தாழ்வன்றோ என்பது அவர்தம் வாதம். மண்டபத்திற்கே கடன் வாங்கியிருந்த எங்களுக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அம் மனச்சுமையோடுதான் அழைப்பிதழ் கொடுக்க நாகபுரிக்குப் புறப்பட்டோம்.

தாதரில் இரவு வண்டி ஏறினால் காலையில் நாகபுரி. அங்குள்ள உறவினர், "வந்தது வந்தீர்கள், கல்வட்டங்களைப் பார்த்துவிட்டுப் போங்கள்" என்று காட்டோல் சாலை வழியே ஜூனாபாணிக்கு அழைத்துச் சென்றார். பெருங்கற்களை வட்டமாகப் பதித்து, நடுவே மண்ணும் சரளையும் மேடாக்கியிருக்கின்றனர். இத்தகைய வட்டங்கள் ஏறத்தாழ 300 உள்ளன. சில கற்களில் சிறு குழிகளை வரிசையாகக் குடைந்துள்ளனர். கொங்கு நாட்டுக் கொடுமணலின் கல்வட்டங்களே எங்கள் நினைவுக்கு வந்தன. அவற்றைப் போலவே இவையும் இறந்தோர்க்கு எடுத்த ஈமச் சின்னங்கள்.

அருகிலுள்ள மாஹுர்ஜரியில் 1970-களில் எஸ். பி. தேவ் என்னும் அறிஞர் அகழ்வாய்வு நடத்தினார். கி.மு. முதல் ஆயிரத்தாண்டைச் சேர்ந்த அவ் ஈமக்குழிகள் சிலவற்றில் மனிதரோடு குதிரையின் எலும்புகளும் கிடைத்தன. உடன் கிடைத்தவை இரும்புக் கடிவாளமும், குதிரையின் முகத்தில் அணிவிக்கும் செப்புத் தகட்டு அணியும். எலும்புகளில் காணப்பட்ட வெட்டுக்காயங்களைக் கொண்டு, அக் குதிரைகள் பலியிடப்பட்டன என்று ஆய்வாளர் கருதினர்.

கல்லருகே நின்று எண்ணிப் பார்த்தோம். கடிவாளம் இன்றிக் குதிரையைச் செலுத்த இயலாது. செப்புத் தகடோ குதிரைக்கும் வேண்டுவதில்லை, ஏறுவோனுக்கும் வேண்டுவதில்லை. காண்போர்க்கே அது வேண்டும். கால்நடை மேய்த்து இடம் பெயர்ந்து வாழ்வோர்க்கு மாடமாளிகை ஏது? தம் பெருமையைத் தம்மோடு நடந்து வரும் குதிரையின்மீது ஏற்றினர் போலும்.

உலகெங்கும் இக் கதையே. கி.பி. 568-ஐ ஒட்டி நடு ஐரோப்பாவில் குடியேறிய அவார் என்னும் நாடோடிக் குலத்தார், தம் தலைவர்களைக் குதிரையோடும், இரும்பு அங்கவடியோடும், சேண வார்களில் பதித்த உலோக அணிகளோடும் புதைத்தனர். மங்கோலியப் பகுதியை ஆண்ட கித்தான் குலத்து இளவரசி ஒருத்தி 1018-இல் இளவயதிலேயே மறைந்தாள். அவளது கல்லறையில் வெள்ளியும் பச்சைக்கல்லும் இழைத்த குதிரைச் சேணத் தொகுதிகள் இரண்டு இருந்தன.

நம் நாடும் விலக்கன்று. 13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய மன்னர்கள் அரபு நாட்டுக் குதிரைகளைக் கப்பல் கப்பலாகப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினர். பேணத் தெரிந்தோர் இன்மையால் அவற்றுள் மிகப் பல ஆண்டிறுதிக்குள் மடிந்தன என்று மார்க்கோ போலோ எழுதிவைத்தார்.

செம்பூர் திரும்பிய அன்றிரவு, கண்டதையும் கேட்டதையும் வீட்டாரிடம் சொன்னோம். அறிவுரை ஏதும் கூறவில்லை. சற்று நேரம் பேசாதிருந்த மணமகன், "அந்தக் குதிரையையும் வெட்டிப் புதைத்தார்களா, பெரியப்பா?" என்று கேட்டான். ஆம் என்றோம். "அப்படியானால் நான் நடந்தே வருகிறேன். அந்தப் பணத்தைக் கடனுக்குக் கொடுத்துவிடுங்கள்" என்றான்.

மாப்பிள்ளை அழைப்பன்று நாகசுரம் முன்செல்ல அவன் நடந்தே வந்தான். அத்தை ஒருவர் மட்டும் இன்றும் குறைபட்டுக்கொள்கிறார். எங்களுக்கோ கடனில் ஒரு பகுதி அன்றே தீர்ந்தது.

நாகபுரி செல்லும் அன்பர்கள் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி ஜூனாபாணியைக் கண்டு வருக. குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்க. வெயில் ஏறுமுன் சென்று திரும்புதல் நலம்.