தலைக்காவிரி முதல் பூம்புகார் வரை

ஐப்பசித் திங்களைத் துலா மாதம் என்று பெரியோர் போற்றுவர். கங்கை முதலான புண்ணிய நதிகள் யாவும், தம்மில் மூழ்கியோர் விட்டுச்சென்ற பாவங்களைப் போக்கிக்கொள்ள அம்மாதத்தில் காவிரிக்கு வந்து நீராடுகின்றன என்பது ஆன்றோர் நம்பிக்கை. அம்மாதத்தின் கடைசி நாளில் மாயூரத்துத் துலாக்கட்டத்தில் நடைபெறும் நீராடலுக்குக் கடைமுழுக்கு என்று பெயர். காவிரி அன்னை பிறக்கும் இடத்தில் ஐப்பசி முதல் நாள் புறப்பட்டு, கடைமுழுக்கன்று மாயூரத்தில் நீராடி, அவள் கடலோடு கலக்கும் பூம்புகாரில் நிறைவு செய்வது என்ற எண்ணத்தோடு அடியேனும் என் துணைவியும் சென்ற ஆண்டு மிதிவண்டியில் யாத்திரை மேற்கொண்டோம்.

எங்கள் ஊர் புதுக்கோட்டை. அடியேன் முப்பத்தாறு ஆண்டுகள் தபால்காரனாக மிதிவண்டியில் கிராமம் கிராமமாகச் சுற்றியவன். என் துணைவிக்கு மிதிவண்டி வந்த கதை வேறு. 1990-களின் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டனர். அவர்களுள் அவளும் ஒருத்தி. இப்போது எனக்கு 66 வயது, அவளுக்கு 61. கார் அமர்த்தித் தருவதாக மகன் எவ்வளவோ சொன்னான். "காரில் போனால் ஊர்கள்தாம் கண்ணில் படும், காவிரி படமாட்டாள்" என்று அவள் சொல்லிவிட்டாள்.

குடகு நாட்டில் பிரம்மகிரி மலைச்சாரலில் இருக்கிறது தலைக்காவிரி. அகத்திய மாமுனிவரின் கமண்டலத்தில் அடங்கியிருந்த காவிரியை, விநாயகப் பெருமான் காக்கை வடிவில் வந்து கவிழ்த்துப் பெருகச் செய்தார் என்பது புராணம். துலா சங்கிரமண வேளையில் அங்குள்ள சிறு தீர்த்தக் குண்டிகையில் அன்னை பொங்கி எழுவதைக் காணப் பெருங்கூட்டம் கூடுகிறது. அந்தத் தீர்த்தத்தை ஒரு செப்புச் செம்பில் எடுத்து, வாயைத் துணியால் இறுகக் கட்டி, என் வண்டியின் கேரியரில் வைத்துக்கொண்டோம். பூம்புகாரில் அதைக் கடலில் சேர்ப்பதாகச் சங்கல்பம்.

பாகமண்டலம் வரை ஒரே இறக்கம். மிதிக்கும் வேலையே இல்லை, பிரேக் பிடித்த கைகள்தாம் வலித்தன. காவிரி தன் இரு கரங்களால் அணைத்துக்கொண்ட தீவுகளில் அரங்கன் பள்ளிகொண்ட மூன்று தலங்கள் உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆதிரங்கனையும் சிவனசமுத்திரத்தில் மத்தியரங்கனையும் தரிசித்தோம். மாதேசுவர மலைக் காட்டுப் பாதையில் யானை நடமாட்டம் உண்டென்று எச்சரித்ததால், அந்தப் பகுதியை மட்டும் ஒரு சிறு லாரியில் வண்டிகளை ஏற்றிக் கடந்தோம். பின்னர் மேட்டூர், பவானியில் கூடுதுறைச் சங்கமேசுவரர், கொடுமுடியில் மகுடேசுவரர். ஐப்பசி இருபதாம் நாள் திருவரங்கம். மற்ற மாதங்களில் கொள்ளிடத்திலிருந்து வரும் பெருமாளின் திருமஞ்சனத் தீர்த்தம், இம்மாதத்தில் மட்டும் காவிரியிலிருந்து தங்கக் குடத்தில் யானைமேல் வருகிறது. அந்தக் காட்சியை அம்மா மண்டபப் படித்துறையில் கண்டு உள்ளம் குளிர்ந்தோம்.

இங்கே என் குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாள்தோறும் கடந்த தூரத்தை ஒரு நோட்டில் எழுதி வந்தேன். கடைமுழுக்குக்கு இன்னும் எத்தனை நாள், எத்தனை மைல் என்ற கணக்கே என் ஜபமாகிவிட்டது. நான் எப்போதும் முன்னால் செல்வேன். அவள் பின்னால் வருவாள். "கொஞ்சம் மெதுவாகப் போகலாமே" என்று அவள் பலமுறை சொன்னாள். "மழை வலுத்தால் நாள் தவறிவிடும்" என்பதே என் பதில்.

ஐப்பசி இருபத்து நான்காம் நாள், பாபநாசத்தைக் கடந்து கும்பகோணம் செல்லும் சாலையில் பெருமழை. மழைநீர் நிறைந்த பள்ளம் ஒன்றை நான் விலகிச் சென்றேன். திரும்பிப் பார்த்துச் சொல்லத் தோன்றவில்லை. அவள் விழுந்த ஓசை மழையில் எனக்குக் கேட்கவுமில்லை. வெகுதூரம் சென்ற பிறகே பின்னால் அவள் இல்லை என்று உணர்ந்தேன். திரும்பி வந்தபோது, ஒரு டீக்கடைக்காரர் அவளைத் தம் கடைப் பலகையில் அமர்த்தி, முழங்காலில் துணி கட்டிக்கொண்டிருந்தார்.

கும்பகோணத்தில் ஒரு சத்திரத்தில் தங்கினோம். முழங்காலில் தையல் போட்டு, நனையக் கூடாது என்றார் மருத்துவர். அன்றிரவே காய்ச்சலும் கண்டது. நாட்கள் கழிந்தன. ஐப்பசிக் கடைசி நாளுக்கு முந்தின இரவு அவளே சொன்னாள்: "நீங்களாவது போய் நீராடி வாருங்கள். உங்கள் புண்ணியத்தில் எனக்குப் பங்கு இல்லாமலா போய்விடும்?"

மறுநாள் பின்னிரவு மூன்று மணிக்கு எழுந்தேன். விடியுமுன் புறப்பட்டால் உச்சிவேளைக்குள் மாயூரம் சேர்ந்துவிடலாம். வாசலில் இரண்டு வண்டிகளும் ஒரே சங்கிலியில் பூட்டப்பட்டிருந்தன. சாவி அவள் முந்தானை முடிச்சில். அருகில் அமர்ந்து மெல்ல முடிச்சை அவிழ்த்தேன். அவள் கண்ணைத் திறக்காமலே, "நேரமாகிவிட்டதா? இதோ கிளம்பிவிட்டேன்" என்று சொல்லி எழ முயன்றாள். உடம்பில் தெம்பில்லை, ஆனாலும் முப்பது நாள் பழக்கம் அவளை எழுப்பியது.

"இன்னும் விடியவில்லை, தூங்கு" என்றேன். முடிச்சை மீண்டும் போட்டுவிட்டு, நோட்டை எடுத்துப் பையின் அடியில் வைத்தேன்.

காலை பத்து மணிக்கு மருத்துவர் தையலைப் பிரித்து, இனி நனைந்தாலும் குற்றமில்லை என்றார். பேருந்தில் போகலாம் என்றேன்; அவள் கேட்கவில்லை. மெல்ல மெல்ல மிதித்து, இடையிடையே இறங்கி நடந்து, மாயூரம் சேரும்போது இரவு ஏழு மணி. தீர்த்தவாரி நண்பகலிலேயே முடிந்திருந்தது. துலாக்கட்டத்துப் படிகளில் வாடிய மாலைகளும் ஈரமுமே எஞ்சியிருந்தன. படியோரம் பூக்கட்டிக்கொண்டிருந்த மூதாட்டி எங்களைப் பார்த்து, "ஏன் மொகம் வாடிப் போயிருக்கீங்க? விடியக்காலம் முடவன் முழுக்கு இருக்கே! லேட்டா வர்றவங்களுக்குன்னே சாமி வச்ச நாளு அது" என்றார்.

முடவன் முழுக்கு எனக்குத் தெரியாததன்று. கால் ஊனமுற்ற அடியவர் ஒருவர் துலா நீராடப் புறப்பட்டு, நடக்க இயலாமல் ஊர்ந்து வந்து சேர்வதற்குள் ஐப்பசி கழிந்துவிட்டது. மனம் நொந்து அழுத அவருக்காக, கார்த்திகை முதல் நாள் நீராடினாலும் அதே பலன் உண்டென்று இறைவன் அருளினார் என்பது தலவரலாறு. ஆனால் அது இயலாதவர்களுக்கு ஏற்பட்ட சலுகை, நமக்கு எதற்கு என்று எண்ணியிருந்தேன். மனைவி விழுந்த ஓசை கூடக் கேளாமல் போனவன் அன்றோ நான்? இருவரில் முடவன் யார் என்பது அந்தப் படியில் நின்றபோதுதான் விளங்கிற்று.

கார்த்திகை முதல் நாள், கதிரவன் எழுமுன், அவள் என் தோளைப் பற்றிக்கொள்ள ஒவ்வொரு படியாக இறங்கினோம். ஆற்றின் நடுவே ரிஷப மண்டபம் இருளில் மங்கலாகத் தெரிந்தது. ஊன்றுகோலோடு வந்தவர்கள், பேரன் தூக்கி வந்த பாட்டி, வேலையால் முதல் நாள் வர இயலாதவர்கள் எனப் பலர் எங்களோடு மூழ்கி எழுந்தனர்.

பிறகு மாயூரநாதரையும் அபயாம்பிகையையும் தரிசித்தோம். அங்கே அர்ச்சகர் ஒருவர் மற்றொரு வரலாற்றையும் சொன்னார். நாதசர்மா, அனவித்யாம்பிகை என்ற தம்பதியரும் துலா நீராட யாத்திரையாக வந்து, நாள் கடந்தே சேர்ந்தனராம். அவர்களுக்கும் இறைவன் கனவில் தோன்றி, மறுநாள் விடியற்காலையில் நீராடும்படி அருளினாராம். அந்த அம்மை ஐக்கியமான லிங்கத்துக்கு இன்றும் சேலை சாத்துகிறார்கள். என் துணைவி அச்சந்நிதியில் நெடுநேரம் நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

கார்த்திகை இரண்டாம் நாள் பூம்புகாருக்குப் புறப்பட்டோம். அந்தக் கடைசி வழியில் அவளை முன்னே போகச் சொல்லி, அவள் வேகத்தில் நான் பின்னே சென்றேன். முப்பது நாளும் என் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தவள், அன்றுதான் வழியைப் பார்த்ததாகச் சொன்னாள். மேலையூரில் காவிரியின் கடைசிக் கதவணையைக் கண்டோம். சாயாவனத்தில் ஈசனை வணங்கினோம்.

குடகில் குதித்து, சிவனசமுத்திரத்தில் முழங்கி, திருவரங்கத்தில் அகன்று ஓடியவள், பூம்புகாரில் ஓசையின்றிக் கடலை அடைகிறாள். வழியெல்லாம் வயல்களுக்கு வாரி வழங்கிய பிறகு மிஞ்சியதைத்தான் கடலுக்குக் கொண்டுசெல்கிறாள். அந்தக் கரையில் கோவலனும் கண்ணகியும் நினைவுக்கு வந்தனர். இவ்வூரிலிருந்து கால்நடையாக மதுரை சென்ற அந்தத் தம்பதியர் திரும்பி வரவேயில்லை. நாங்கள் இருவரும் வந்து சேர்ந்தோமே என்று கண் கலங்கிற்று.

செம்பை அவள் பிடிக்க, கட்டை நான் அவிழ்த்தேன். இருவர் கையும் சேரத் தலைக்காவிரித் தீர்த்தத்தைக் கடலில் சேர்த்தோம். சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. பின்னர் அவள், "ஊருக்கு எப்படிப் போவது?" என்றாள். "உன் முழங்காலைக் கேட்டுச் சொல்" என்றேன். சிரித்தாள். வண்டிகளைப் பேருந்தின் கூரையில் ஏற்றி ஊர் திரும்பினோம்.

இதைப் படிக்கும் அன்பர்களில் பலர் என்னிலும் மூத்தவர்களாக இருப்பீர்கள். உரிய காலத்தில் போக முடியவில்லையே, உடம்பு இடம் தரவில்லையே என்று ஏதேனும் ஒரு தலத்தை நினைத்து நீங்கள் வருந்தலாம். வருந்த வேண்டாம். கார்த்திகை முதல் நாள் விடியலில் துலாக்கட்டத்துக்கு வாருங்கள். உடன் வருபவர் மெல்ல நடந்தால், நீங்களும் மெல்ல நடந்து வாருங்கள். மாயூரநாதர் காத்திருப்பார்.