வரிசை தப்பிய வேலை

கத்தாரில் கட்டுமான நிறுவனமொன்றில் திட்டமிடல் பொறியாளராக இருக்கும் என் தம்பி, சென்ற கோடையில் விடுப்பில் வந்தபோதும் மடிக்கணினியை மூடவில்லை. மாதாந்திர அட்டவணையைத் திருத்தி அனுப்பவேண்டியிருந்தது அவனுக்கு. எதிரே அமர்ந்து நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "அக்கா, இதைப் பாரேன். ஒரே ஒரு அமைப்பை மாற்றினால் கட்டடம் நாற்பது நாள் முந்தி முடிகிறது" என்றான். ஒரு செங்கல்லும் நகராமல் நாற்பது நாளா? தாள்களை ஒதுக்கிவைத்துவிட்டு அருகில் போய் உட்கார்ந்தேன்.

பிரைமவேரா என்னும் அந்த மென்பொருளில் ஒவ்வொரு வேலையும் இன்னொன்றோடு கட்டப்பட்டிருக்கிறது. (1950களின் இறுதியில் அமெரிக்காவில் டூபான்ட், ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தார் சேர்ந்து உருவாக்கிய கணக்குமுறையின் வாரிசு இது.) சுவரில் மின்குழாய் பதித்து முடித்த பிறகே பூச்சு தொடங்கவேண்டும் என்பது அப்படியொரு கட்டு. களத்தில் அது நிற்பதில்லை. பத்து நாள் குழாய் வேலையில் ஆறு நாள் வேலைதான் முடிந்திருக்கும். அதற்குள் பத்து நாள் பூச்சில் மூன்று நாள் வேலையைக் கொத்தனார் முடித்திருப்பார். மீதி, குழாய்க்கு 4 நாள், பூச்சுக்கு 7 நாள்.

இந்த மீதியை எப்படிக் கணக்கிடுவது என்பதில்தான் சூட்சுமம். 'ரீடெய்ன்ட் லாஜிக்' என்னும் அமைப்பு, நடந்தது நடந்ததாகட்டும், எஞ்சிய பூச்சு குழாய் முடியும்வரை காத்திருக்கட்டும் என்கிறது. ஆக 11 நாள். 'ப்ராக்ரஸ் ஓவர்ரைட்' என்பதோ, தொடங்கிவிட்ட வேலைக்கு இனிக் கட்டு எதற்கு என்று அறுத்துவிடுகிறது. இரண்டும் ஒருசேர நடந்து 7 நாள். (மூன்றாவதாக ஒன்றும் உண்டு, தம்பி அதைத் தொடுவதில்லை.) இப்படிச் சேர்ந்ததுதான் அந்த நாற்பது நாள். தாமதத்துக்கு யார் பணம் தருவது என்னும் சச்சரவுகூட இதில் தொங்கும் என்றான்.

"எதுதான் சரி?"

"களத்துக்குப் போகாமல் சொல்லமுடியாது அக்கா."

கணக்கிட்டு முடித்ததும் மென்பொருள் எழுதிவைக்கும் பதிவுக் கோப்பில், வரிசை தப்பிய வேலைகளின் பட்டியல் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாய் நேரில் பார்க்கவேண்டுமாம். குழாய் முடிந்த அறைகளில் மட்டும் பூசியிருந்தால் கொத்தனார்மீது குற்றமில்லை. தளம் முழுமைக்கும் ஒரே கட்டைப் போட்ட அட்டவணைதான் தவறு. அறை அறையாய்ப் பிரித்துக் கட்டைத் திருத்தவேண்டும். குழாய் பதியாத சுவரில் பூசியிருந்தால் அந்த மூன்று நாள் வேலை வேலையே அன்று. காடி வெட்டும்போது உதிரப்போகிற சிமென்ட். அட்டவணையிலோ இரண்டுக்கும் ஒரே முப்பது சதவீதம்!

அதற்குப் பின் விடைத்தாளில் மனம் செல்லவில்லை. பகுதிநேர ஆய்வாளராகப் பதிந்து ஐந்தாண்டுகளாகிவிட்டன. பதிவுக் காலம் டிசம்பரில் முடிகிறது. பிள்ளைத்தமிழ் நூலொன்றின் நான்கு சுவடிகளை ஒப்பிடுவது இரண்டாம் இயல். அதில் தேறும் பாடங்களைக்கொண்டு எழுதவேண்டியது மூன்றாம் இயல். இரண்டு சுவடிகளோடு ஒப்பீட்டை நிறுத்திவிட்டு, ஆர்வம் தாளாமல் மூன்றாம் இயலில் 140 பக்கம் எழுதிவிட்டேன். நெறியாளர் கேட்கும்போதெல்லாம் "இருநூறில் நூற்று நாற்பது முடிந்தது" என்பேன். பொய்யில்லை என்று எனக்கே சமாதானமும் சொல்லிக்கொள்வேன்.

மறுநாள் அந்தப் பக்கங்களை இரண்டாகப் பிரித்தேன். யாப்பு, தலவரலாறு பற்றியவை எந்தச் சுவடி எப்படியிருந்தாலும் நிற்கும். அவை குழாய் முடிந்த அறைகள். பாட வேறுபாட்டை நம்பியவை மறுபுறம். பிறகு, மாதக்கணக்கில் தொடாதிருந்த மூன்றாம் சுவடியின் நகலை எடுத்து அம்புலிப் பருவத்திலிருந்து ஒப்பிடத் தொடங்கினேன். நான்காம் நாள், எந்தச் சொல்லின்மீது முப்பத்தெட்டுப் பக்க வாதத்தை எழுப்பியிருந்தேனோ அந்தச் சொல்லே அதில் வேறாக இருந்தது. ஏடெழுதியவர் பிழையாக இருக்கலாம் என்று ஒரு மாலை முழுக்க வாதாடிப் பார்த்தேன். செய்யுளின் எதுகை அவர் பக்கம்தான் நின்றது.

ஊருக்குக் கிளம்புமுன் விளையாட்டாக என் ஆய்வேட்டுக்கும் ஓர் அட்டவணை போட்டான் தம்பி. "மூன்றாம் இயல் எத்தனை சதவீதம் அக்கா?"

எழுபது என்று வாய்வரை வந்தது. இருபது என்றேன்.