ஆட்டுக்கல்லும் அரிசி மூட்டையும்

எங்கள் வீட்டு இரும்பு அலமாரியின் மேல்தட்டில், நிலப் பத்திரங்களுக்கும் பிள்ளைகளின் சான்றிதழ்களுக்கும் நடுவே, மூன்று டி.வி.டி. தட்டுகள் பத்தொன்பது ஆண்டுகள் உறங்கிக் கிடந்தன. 2005-ஆம் ஆண்டு என் பெற்றோரின் திருமணப் பொன்விழாவைப் படம் பிடித்தவர் கொடுத்துச் சென்றவை அவை. முதல் தட்டில் கோயில் நிகழ்ச்சிகள். இரண்டாவதில் உற்றார் உறவினரின் வாழ்த்துகள். மூன்றாவதில் விருந்தும், விருந்தின் முடிவில் அப்பா ஆற்றிய நன்றியுரையும். அப்பா 2011-இல் எங்களை விட்டுப் பிரிந்தார். அதன் பிறகு அந்தத் தட்டுகளைப் போட்டுப் பார்க்க எவருக்கும் மனம் வரவில்லை. மனம் வந்த காலத்திலோ, வீட்டிலிருந்த டி.வி.டி. பெட்டி பழுதாகிவிட்டிருந்தது.

2024-ஆம் ஆண்டு, அப்பாவின் நினைவு நாளுக்குப் பத்து நாட்கள் இருக்கையில், அம்மா என்னை அருகே அழைத்தார்கள். அவர்களுக்கு வயது 87. பார்வை பெரிதும் மங்கிவிட்டது. காது மட்டும் கூர்மையாக இருக்கிறது. "ஐயா, அப்பா பேசினதை ஒரு தடவை கேட்டால் போதும். அதைப் போட்டுத் தர முடியுமா?" என்றார்கள்.

"இதற்கென்ன அம்மா, நினைவு நாளன்று எல்லாரும் கூடி உட்கார்ந்து கேட்போம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். பணி ஓய்வு பெற்ற ஆசிரியனாகிய எனக்கு, அந்த வாக்கின் கனம் அப்போது தெரியவில்லை.

இப்பொழுது விற்கப்படும் மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் தட்டுப் போடும் இடமே இல்லை. நல்லவேளையாக என்னிடம் பழைய மடிக்கணினி ஒன்று இருந்தது. டி.வி.டி.யில் உள்ள படம் எம்பெக்-2 என்னும் முறையில் சுருக்கப்பட்டது. கைப்பேசிகளில் எளிதாக ஓடவும், வெளிநாட்டிலிருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு அனுப்பவும் வேண்டுமானால், அதனை எச்.264 போன்ற பிற்கால முறைக்கு மாற்றிக் கொள்வது நல்லது என்று சொன்னார்கள். அதற்குரிய நிரலைப் பதிந்து, முதல் தட்டை உள்ளே தள்ளி, பொத்தானை அழுத்தினேன். இரண்டு மணி நேரப் படம் மாறி முடிய மூன்று மணி இருபது நிமிடங்கள் ஆயின. மடிக்கணினியின் அடிப்பாகம் தோசைக்கல்லாய்க் கொதித்தது.

பொறுமை இழந்தேன். ஹார்ட் டிஸ்க் பழையது. அதனால்தான் இந்தத் தாமதம் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக் கொண்டேன். மறுநாளே கடைக்குச் சென்று, ஓய்வூதியப் பணத்தில் ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கிப் பொருத்தினேன். சுழலும் தகடோ அசையும் ஊசியோ இல்லாத இந்தச் சேமிப்பான், பழைய ஹார்ட் டிஸ்கைவிடப் பன்மடங்கு விரைவாகப் படிக்கும், எழுதும். கணினி கண் இமைப்பதற்குள் திறந்து கொண்டது. மகிழ்ச்சியோடு இரண்டாம் தட்டைப் போட்டேன். மீண்டும் ஏறத்தாழ அதே மூன்று மணி இருபது நிமிடங்கள்! செலவழித்த பணமும் போயிற்று. நாட்களும் இரண்டு போயின.

அன்று மாலை என் அண்ணன் மகள் வந்தாள். கணினித் துறையில் வேலை பார்ப்பவள். என் புலம்பலைக் கேட்டுச் சிரித்தாள்.

"சித்தப்பா, வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டிருக்கலாமே. பள்ளியில் எங்களுக்கெல்லாம் கணக்குச் சொல்லித் தந்தவர் நீங்கள்தானே?"

தாளும் பேனாவும் எடுத்துக் கொண்டு அவளே எழுதலானாள். நம் நாட்டு டி.வி.டி. படங்களில் ஒரு நொடிக்கு 25 தனித்தனிப் படங்கள் ஓடுகின்றன. இரண்டு மணி நேரத்துக்கு 1,80,000 படங்கள். இவை ஒவ்வொன்றையும் விரித்து, ஆராய்ந்து, புதிய முறையில் மறுபடி சுருக்க வேண்டும். இந்த உழைப்பு முழுவதும் கணினியின் மூளையாகிய பிராசசருடையது. என் மடிக்கணினி நொடிக்கு 15 படங்களைத்தான் மாற்றிக் கொண்டிருந்தது. 1,80,000-ஐ 15-ஆல் வகுத்தால் 12,000 நொடி. அதாவது மூன்று மணி இருபது நிமிடம்.

"இனி அடுத்த கணக்கைப் பாருங்கள். தட்டில் இருப்பது ஏறக்குறைய 4,400 மெகாபைட். அதை 12,000 நொடிகளில் படிக்க வேண்டுமானால், நொடிக்கு அரை மெகாபைட் கூடத் தேவையில்லை. உங்கள் பழைய ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 80 மெகாபைட் கொடுக்கும். புதியது அதைப்போல் பல மடங்கு கொடுக்கும். ஆனால் கேட்பவன் அரை மெகாபைட்டுக்கு மேல் கேட்கவில்லையே!"

எனக்கு எங்கள் பழைய வீட்டு ஆட்டுக்கல் நினைவுக்கு வந்தது. ஒரே கல், அதைச் சுற்றுவது அம்மா ஒருவரே. அரிசியை மூட்டையிலிருந்து மரக்காலால் அள்ளிக் கொடுத்தால் என்ன, வண்டியில் கொண்டு வந்து கொட்டினால் என்ன? கல் சுற்றுகிற வேகத்தில்தானே மாவு அரைபடும்? நான் கல்லைக் கவனியாமல், மூட்டை தூக்குகிறவனுக்குக் கூலியை உயர்த்தியிருக்கிறேன்.

இன்னொன்றும் அப்போது விளங்கிற்று. தட்டு 'விர்' என்று சுற்றுவதும், சற்றே அடங்குவதும், மீண்டும் சுற்றுவதுமாக இருந்ததை அம்மாகூடக் கேட்டுவிட்டு, "அது ஏன் மூச்சு வாங்குகிறது?" என்று கேட்டிருந்தார்கள். அது மூச்சு வாங்கவில்லை, வேலையின்றிக் காத்திருந்தது. பார்வையற்ற அம்மாவின் செவிக்குப் பட்டது, பார்வையுள்ள என் அறிவுக்கு எட்டவில்லை.

அப்படியானால் எஸ்.எஸ்.டி.யால் பயனே இல்லையா? உண்டு. படத்தை மறுபடி சுருக்காமல், ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்குக் கஞ்சியை ஊற்றுவதுபோல், கோப்பின் உறையை மட்டும் மாற்றுகிற வழியும் இருக்கிறது. அதில் பிராசசருக்கு உழைப்பு சொற்பம். ஒரே ஹார்ட் டிஸ்கில் படிப்பதும் எழுதுவதுமாக அதன் ஊசி இங்கும் அங்கும் அலைந்து சில நிமிடங்களில் முடிக்கும் வேலையை, எஸ்.எஸ்.டி. அரை நிமிடத்துக்குள் முடித்துவிடும். கணினியில் நினைவகம் போதாமல், அது அடிக்கடி சேமிப்பானை நாடும்போதும் எஸ்.எஸ்.டி. கைகொடுக்கும்.

தட்டைப் படிக்கும் கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. டி.வி.டி.யின் அடிப்படை வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1.4 மெகாபைட். மடிக்கணினிகளில் இருக்கும் மெல்லிய கருவிகள் பொதுவாக அதைப்போல் எட்டு மடங்கு வரை செல்லும். அதுவும் தட்டின் வெளி விளிம்பை அடையும்போதுதான். உள்வட்டத்தில் வேகம் ஏறக்குறைய பாதியே. என் அண்ணன் மகளின் புதிய கணினி நொடிக்கு 300 படங்களை மாற்ற வல்லது. அதற்கு நொடிக்கு ஏழு மெகாபைட்டுக்கு மேல் தீனி வேண்டும். அங்கே பிராசசர் காத்திருக்க, தட்டுக் கருவிதான் திணறும். ஆகவே முதலில் தட்டு முழுவதையும் கணினிக்குள் நகலெடுத்துக் கொண்டு, பிறகு மாற்றுவதே முறை. ஆக, தடை எப்பொழுதும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஓரிடத்தில் நீக்கினால் வேறிடத்தில் போய் உட்கார்ந்து கொள்கிறது.

"உங்கள் கணினிக்கு இப்போதைக்கு என்ன செய்யலாம்?" என்று சொல்லிக் கொண்டே அவள் அதன் அடிமூடியைக் கழற்றினாள். உள்ளே காற்றாடியை அடைத்துக் கொண்டு பஞ்சுபோல் தூசி! பிராசசர் அளவுக்கு மீறிச் சூடானால், தன்னைக் காத்துக் கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளுமாம். சிறு தூரிகையால் அவள் தூசியை அகற்றினாள். பிறகு முதல் தட்டின் நகலைப் போட்டுப் பார்த்தோம். நொடிக்கு 15-ஆக இருந்தது 30 ஆயிற்று. ஒரு மணி நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. பணத்தால் ஆகாததை ஒரு தூரிகை செய்து முடித்தது.

இனி மூன்றாவது தட்டு. அப்பாவின் குரல் இருப்பது அதில்தான்.

நகலெடுக்கத் தொடங்கியதும் சீராக ஓடிற்று. பாதிக்கு மேல் தயங்கிற்று. முக்கால் பங்கைத் தாண்டியதும் நின்று நின்று படித்தது. தட்டை எடுத்து, மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோடாகத் துடைத்துப் போட்டோம். வட்டமாகத் துடைத்தால், கீறல் விழுகிறபோது அது பதிவின் போக்கிலேயே விழுந்து கேடு செய்யும். கருவியின் வேகத்தை வேண்டுமென்றே குறைத்தோம். இவ்வளவு நாள் வேகம் வேகம் என்று அலைந்தவன், அன்று இரவு "மெல்லப் போ, மெல்லப் போ" என்று அதைக் கெஞ்சிக் கொண்டிருந்தேன். படிக்க முடியாத இடத்தைக் கருவி திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறது. எவ்வளவு விலை உயர்ந்த சேமிப்பானும் அந்த இடத்தில் அதற்கு உதவ முடியாது.

டி.வி.டி. தட்டில் பதிவு உள்வட்டத்தில் தொடங்கி வெளி விளிம்பை நோக்கிச் செல்கிறது. விரல் படுவதும் ஈரம் புகுவதும் பெரும்பாலும் அந்த விளிம்பில்தான். வீட்டிலும் கடையிலும் பதியப்படும் தட்டுகளில் ஒளியாலும் வெப்பத்தாலும் மங்கக்கூடிய சாயப் படலம்தான் பதிவைத் தாங்குகிறது. எங்கள் இரும்பு அலமாரியோ மேற்கு வெயில் காயும் சுவரை ஒட்டி நிற்பது. விருந்தின் முடிவில் பேசிய அப்பாவின் உரை, தட்டின் விளிம்பில் இருந்தது.

விடியும்வரை முயன்றும் அந்த உரை முழுவதும் கிடைக்கவில்லை. அப்பா எழுகிறார், ஒலிவாங்கியைக் கையில் வாங்குகிறார், ஒருமுறை தொண்டையைச் செருமிக் கொள்கிறார், "எல்லாருக்கும் வணக்கம்" என்கிறார். அதற்குமேல் படம் சிறு சிறு கட்டங்களாகச் சிதறி உறைந்துவிடுகிறது.

நினைவு நாளன்று, கூடியிருந்த குடும்பத்தார் முன்னிலையில் அதைப் போட்டுக் காட்டினேன். குற்றவாளிபோல் தலை குனிந்து நின்றேன். அம்மா அந்தச் செருமலைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "அவர்தான், பேசத் தொடங்குமுன் அப்படித்தான்" என்றார்கள். பின்பு, "இன்னொரு தடவை போடு" என்றார்கள். அன்று பதினொரு தடவை போட்டேன். உரையில் அப்பா என்ன சொன்னார் என்பதை அம்மாவே நினைவிலிருந்து எங்களுக்குச் சொன்னார்கள். என் மகன் அதைக் கைப்பேசியில் பதிவு செய்து கொண்டான்.

அன்பர்களே, மாற்றுவதற்கு மூன்று மணி நேரம் ஆகிறதே என்று நான் நிமிடங்களை எண்ணினேன். அலமாரியைத் திறக்காமல் கழித்த ஆண்டுகளை எண்ணவே இல்லை. கணினியின் எந்த உறுப்பு தாமதத்துக்குக் காரணம் என்று ஆராய்ந்தபோது, சேமிப்பானைச் சந்தேகித்தேன், தட்டுக் கருவியைச் சந்தேகித்தேன், பிராசசரைச் சந்தேகித்தேன். எல்லாவற்றிலும் மெதுவாக இயங்கியது நானே என்பது கடைசியில்தான் தெரிந்தது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் இதே பழைய ஹார்ட் டிஸ்கோடு, இதே தூசியோடு, ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டிருந்தால்கூட அப்பாவின் உரை முழுவதும் கிடைத்திருக்கக்கூடும்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் இத்தகைய தட்டுகள் இருக்கலாம். புதிய கருவி வாங்கிய பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று காத்திராதீர்கள். இன்று மாலையே அவற்றை எடுத்து, இருக்கிற கணினியில் நகல் எடுத்துவிடுங்கள்; ஒன்றுக்கு இரண்டாக வெவ்வேறு இடங்களில் வையுங்கள். மாற்றுகிற வேலை பிறகு மெதுவாக நடந்து கொள்ளட்டும். மாவு தாமதமாக அரைபட்டால் பசி சற்றுப் பொறுக்கும். அரிசியே உளுத்துப் போனால் அரைப்பதற்கு என்ன இருக்கிறது?